மூன்றாவது வாரமும் கண்கட்டிதான்

மயிலாப்பூரில் நான் குழந்தைகளுக்குக் கண் பார்க்கும் டாக்டர். பிள்ளைகள் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டால் அது வேறு டாக்டருக்குப் பிழைப்பு. கண்ணில் எதையாவது தள்ளிக்கொண்டால்தான் எனக்கு. ஜிகினா, பென்சில் முனை எடுத்திருக்கிறேன். ஒருமுறை எறும்பு, அதுவும் உயிரோடு.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஒரு பெண் தன் ஐந்து வயது மகளை அழைத்து வந்தார். மேலிமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் கண்கட்டி என்றேன். சொட்டு மருந்தும் மாத்திரையும் எழுதினேன்.

மறுவாரம் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. "மருந்து கேக்குதும்மா" என்று பெருமையாக அதையே தொடரச் சொன்னேன். மூன்றாவது வாரம் இமையில் துளை விழுந்து சீழ் வந்தது.

"எதாவது குத்திச்சா?"

"நான் இன்னாத்த கண்டேன்? காலைல கூடையத் தூக்கினு பூட்டா சாயந்தரம்தான் வர்றேன்."

குழந்தையைக் கேட்டேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த என் பட்டத்தையே பார்த்தாள்.

"உள்ள இன்னாவோ கீது டாக்டரம்மா."

"கட்டி பழுத்தா அப்படித்தான் இருக்கும்."

"கட்டின்னா உருண்டையா இருக்கும். இது முள்ளு மாரி நீட்டா கீது. தெனம் மீன் அறுக்கறவளுக்கு முள்ளு தெரியாதா? வெரல வெச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. மூன்று வாரமாக டார்ச் அடித்தேனே தவிர, ஒருநாளும் தடவிப் பார்க்கவில்லை. நான் படித்த படிப்பெல்லாம் எழுந்துபோய் வாசலில் செருப்புகளோடு உட்கார்ந்துகொண்டது.

ஸ்கேனில் எலும்புக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு. அறிக்கையில் காற்று என்று எழுதியிருந்தார்கள். மரத்துண்டும் ஸ்கேனில் காற்று போலத்தான் தெரியும். நான் அந்தம்மாவின் விரலை நம்பினேன்.

மறுநாள் காலை மயக்க மருந்து கொடுத்து, துளையைச் சற்று அகலமாக்கி, இடுக்கியால் பிடித்து இழுத்தேன். தீக்குச்சி நீளத்துக்குத் துடைப்பக் குச்சி! விழியில் ஒரு கீறல்கூட இல்லை. துணுக்கு மிச்சமில்லை என்று பார்த்துவிட்டுக் கழுவினேன்.

மாலையில் குழந்தை வாயைத் திறந்தாள். துடைப்பத்தை உருவி வில்லும் அம்பும் செய்தாளாம். அம்பு இவள் பக்கமே பாய்ந்துவிட்டது. வெளியே நீட்டியதை இவளே உடைத்துப் போட்டுவிட்டாள்.

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ தொடப்பத்தாலயே அடிப்ப."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் அவரிடம், முதல் நாளே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், தப்பு என்மேல்தான் என்றேன்.

"வுடு. இப்ப எடுத்துட்ட இல்ல?"

பத்து நாளில் இமை ஆறியது. பார்வை அட்டையில் ஆகச் சிறிய படத்தைக்கூடச் சரியாகச் சொன்னாள். கிளம்பும்போது அம்மா, "வஞ்சிரம் கொணாரட்டா, சங்கராவா?" என்றார். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை அன்றைக்கு எனக்கு இல்லை.

"சங்கரா" என்றேன்.

என் நர்ஸ் வீட்டில் மறுநாள் மீன் குழம்பு.