திருக்கையின் பால்

அன்று தண்ணீர் விழும் பீலியடியில் இருந்தவர்கள்: என் அண்ணன். மீன்கார நானா. கத்தியோடு நான். எங்கள் லயத்து வீட்டு வாசலில் குழந்தையைத் தோளில் போட்டபடி அண்ணி. கல்லின்மேல் மல்லாந்து ஒரு திருக்கை.

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. அண்ணிக்குப் பிள்ளை பிறந்து ஏழு நாள். மார்பில் ஒரு சொட்டு இல்லை. பால்மா கரைத்துக் கொடுத்தால் கக்கியது. முதலில் கத்தியது, பிறகு முனகியது, ஏழாம் நாள் அதுவும் நின்றுபோய் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. மறுநாள் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோவதாக இருந்தது. அதுவரை தாங்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

திருக்கை மீன் ஆக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்று சொன்னது நானாதான். "எங்கட ஊட்டுலயும் இதத்தான் குடுத்த" என்றார். சொன்னபடி மோட்டார் சைக்கிள் பெட்டியில் முழுசாகக் கொண்டுவந்தார். நான் தொடத் தயங்கினேன்.

"முள்ளு வால முதல்லயே வெட்டிட்டன் தங்கச்சி. இப்ப இது உங்கட அண்ணன் மாதிரி. ஒண்டும் செய்யாது."

அண்ணன் சிரிக்கவில்லை. திருக்கையின் அடிப்பக்கம் வெள்ளை. இரண்டு துளை, கீழே ஒரு வாய். அழப்போகிற முகம் போல இருந்தது. கண்கள் மறுபக்கம் என்று தெரிந்தும் அது என்னைப் பார்ப்பதாகவே பட்டது.

கீறினேன். வெள்ளையாக வழிந்தது. நாங்கள் தினமும் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். இது அந்தப் பால் இல்லை. சீழும் இல்லை. உள்ளே குட்டிகள், வெற்றிலையைச் சுருட்டியதுபோல் செட்டை மடித்து, நான்கு. நான்கிலும் அதே முகம். வாய் பாதி திறந்திருந்தது.

"அல்லாவே" என்றார் நானா. "இது முட்ட போடாது. வயித்துக்குள்ளேயே வச்சு பால் குடுக்கும். பாக்க விடாதீங்க அவங்கள."

அண்ணி அதற்குள் வந்துவிட்டார். குழந்தையை ஒரு கையால் மார்போடு அணைத்தபடி, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினார். விரலால் செட்டையை விரித்துக் கல்லில் வரிசையாகக் கிடத்தினார்.

"குடிச்சிக்கிட்டே இருந்திருக்குங்க" என்றார்.

அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நனைந்து சொட்டியது. குழந்தை தானாகத் தலையைத் திருப்பி வாய் வைத்தது.

"அத ஆக்க வேணாங்க" என்றார் அண்ணனிடம். அண்ணன் மண்வெட்டி எடுத்தார். தாயையும் குட்டிகளையும் லயத்துப் பின்னால் புதைத்தோம்.

பிள்ளை பிழைத்தது. ஆனால் அது குடித்து மீந்த பால் நிற்கவில்லை. ஒரு பிள்ளைக்கு வரும் பால் இல்லை அது. பொழுது சாயும்போது அண்ணி லயத்துப் பின்னால் போவார். ஒருநாள் பின்தொடர்ந்தேன். குட்டிகளைப் புதைத்த மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். இடம் மாற்றி, இடம் மாற்றி. திரும்பி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு வயது. போன மாதம் அண்ணியைக் கிளினிக்குக் கூட்டிப்போனோம். அட்டை எழுதிய நர்ஸ் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான் மிஸ்" என்றாள் மகள்.

அண்ணி தலையசைத்து மறுத்தார். ஒரு கையின் விரல்களை விரித்துக் காட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

நர்ஸ் எழுதினார். ஐந்து.