புண் இல்லாத நெறி

கட்டட வேலைக்குப் போகிறவர் காலில் ஆணி குத்தாத மாதம் கிடையாது. குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். "நெறி கட்டினா எங்கயோ புண்ணு இருக்குன்னு அர்த்தம்" என்பது அந்தக் கொத்தனாரின் மனைவிக்கு வேதவாக்கு.

கொத்தனாரைச் சாரத்தில் எல்லாரும், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவர் நூலளவு சாய்ந்தாலும் அவர் கண் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டவருக்குத் தொடையிடுக்கில் கோலிக்குண்டு போல ஒரு நெறி வந்தது. வலியே இல்லை. கரையவும் இல்லை.

வேலை முடிந்து வந்தவுடன் மனைவி அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சிமெண்ட் அரித்த வெடிப்புகளை உப்புத் தண்ணீரால் கழுவி, விரல் விரலாய் விலக்கிப் பார்ப்பாள்.

"என்னடி, புதையலா தேடற?"

"சும்மா இருங்க. முள்ளு கிள்ளு உள்ள இருக்கும்."

"கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி நீ என் காலைப் பிடிக்கல."

"வாய் மட்டும் நல்லா இருக்கு!" என்று கிள்ளுவாள். எந்தப் புண்ணும் அகப்படவில்லை. அவளும் விடவில்லை.

வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. வயிற்றின் இடப்பக்கம் மட்டும் புடைத்தது. கழுத்திலும் ஒரு நெறி எட்டிப் பார்த்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நெறியில் சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா மறிச்சு நிக்கிற காவல்காரங்கதான் இந்த நெறிங்க. புண்ணு வந்தா வீங்கும், ஆறினா வத்தும். இவருக்குப் புண்ணே இல்லம்மா. நெறியிலயேதான் புற்று. மண்ணீரல் வரைக்கும் போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..."

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார் கொத்தனார். பக்கத்தில் இருந்தவளுக்குச் சுவர் இடிந்து தலையில் விழுந்தது போலிருந்தது.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நோய் அசையவில்லை. செங்கல்லை அநாயாசமாய் வீசிப் பிடித்த கைக்குத் தண்ணீர் டம்ளர் பாரமாகிப் போனது. ஒரு மத்தியானம், வார்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உடைந்தாள்.

"நான்தாங்க உங்களைக் கொன்னுட்டேன். புண்ணு புண்ணுன்னு காலையே பார்த்துட்டிருந்தேனே!"

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அது புண்ணு இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். அக்குள்ல ரெண்டு இருந்துச்சு, உன்கிட்ட சொல்லல."

"ஏன்?"

"பயம்டி. நீ தேடற வரைக்கும், எங்கயோ ஒரு முள்ளுதான்னு நானும் நம்பிக்கிட்டு இருக்கலாம்ல?"

"பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இழுத்துட்டு வந்திருப்பேனே!" அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அன்றுதான்.

அவர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. கட்டிலைக் காலி செய்யச் சொன்னபோதுகூட அவள் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். திட்டுவதை நிறுத்தினால், அவர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டுமே.