என் அளவுக்குச் செய்த மேசை

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆளும் ரோபோவும் எதிரெதிரே இருந்து வேலை செய்யும் மேசையை, உடம்பு நோகாதபடி வடிவமைக்க வேண்டும். ரோபோவின் கை மோட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒயரைப் பொருத்தித் திருகாணி முடுக்குவார். ஆள்மேல் பட்டால் ரோபோ அப்படியே நின்றுவிடும்.

ஆள் எடுப்பதற்கு முன்பே மேசை தயாராக வேண்டும் என்றார் மேலாளர். அளவெடுக்க யாரும் இல்லை. நான் இருக்கிறேனே என்று நானே உட்கார்ந்தேன். ஆறடி உயரம், நீளமான கை, அதற்கேற்ற வயிறு. ரோபோவின் கை வந்தது, என் தொப்பையில் இடித்தது, நின்றது. மோட்டார் வைக்கும் இடத்தை நாலு விரல் தள்ளினேன். மறுபடியும் இடித்தது. இடிக்காத இடம்வரை தள்ளிக்கொண்டே போனேன். வயிற்றைக் குறைக்கலாம் என்று தோன்றவே இல்லை. அந்தத் தூரத்துக்குப் ‘பாதுகாப்பு இடைவெளி’ என்று பெயர் வைத்து, வரைபடத்தில் சிவப்புக் கோடும் போட்டேன்.

வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். என்னில் பாதி இருப்பார்கள். ஒரே மாதத்தில் தோள் வலி என்றார்கள். தோளுக்கான உடற்பயிற்சிப் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். படத்தில் இருந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்களில் ஒருவர் கல்வராயன் மலைக்காரர். கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வருவார். ஒருநாள் என்னை நிறுத்தினார்.

“சார், மோட்டார இன்னும் கிட்ட வச்சா இன்னா? நாள் பூரா கைய நீட்டிக்கினே கீறோம்.”

“அது பாதுகாப்பு இடைவெளிம்மா. குறைக்க முடியாது.”

“அப்ப நீங்க ஒரு வாட்டி குந்திப் பாருங்க சார்.”

உட்கார்ந்தேன். கை சுகமாக எட்டியது. வெற்றியோடு நிமிர்ந்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்த என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க அளவுக்குத் தெச்ச சட்டைய எங்களுக்கு மாட்டி வுட்டுக்கீறீங்க சார்.”

அந்த வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

அன்று பிற்பகலே தையல்காரர் டேப் ஒன்று வாங்கி வந்தேன். அந்த மலைக்காரப் பெண்ணே மற்றவர்களின் கைகளை அளந்து சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். மோட்டார் ஒரு சாண் கிட்டே வந்தது. ரோபோ யார்மேலும் இடிக்கவில்லை. வலியும் மெல்லக் குறைந்தது.

‘கள ஆய்வின் அடிப்படையில் மாற்றப்பட்டது’ என்று கம்பீரமாக அறிக்கை எழுதித் தகவல் பலகையில் ஒட்டினேன். அவர் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“கள ஆய்வுன்னா யாரு சார்?”

“நீங்கதான்” என்றேன், கொஞ்சம் தயங்கி.

“அப்ப எங்க பேர எழுதறதுக்கு இன்னா?”

நியாயமான கேள்வி. மறுநாள் காலை எல்லோருடைய பெயரையும் சேர்த்து அறிக்கையைத் திருத்தினேன். மேலாளர் ஏன் என்று கேட்டார். தொப்பையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று.

மதியம் கேண்டீனுக்குப் போனேன். சோறு போடுபவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, சிரிப்பு வராதபடி முகத்தை வெகு கஷ்டப்பட்டு இறுக்கிக்கொண்டு கேட்டார்:

“சார், கம்மியா? ஜாஸ்தியா?”