சுருதிப் பெட்டிக்கு வாங்கிய செல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பரில் என் மனைவிக்குச் சபாவில் பாட இடம் கிடைத்தது. மத்தியானக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. சாப்பிட்டுவிட்டு ஃபேன் காற்றுக்காக வந்து கண்ணயர்கிறவர்களையும் சேர்த்தால்தான் கூட்டம் என்று சொல்ல முடியும். அதற்கே மயிலாப்பூரில் நாயாய் அலைகிறவர்கள் எத்தனை பேர்! இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராகக் கத்திக்கொண்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து அவள் வாங்கிய இடம். நன்றாக அமைந்தால் அடுத்த வருஷம் சாயங்காலக் கச்சேரி தருவதாகக் சபாக் காரியதரிசி வாயைத் திறந்து சொல்லியிருந்தார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் வீட்டில் ஓயாத பேச்சு.

எங்களிடம் தம்புரா இல்லை. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிதான் இருந்தது. வீட்டில் பிளக்கில் மாட்டிக்கொள்ளலாம். மேடையிலோ இருக்கிற ஒரே பிளக்கை மைக் செட்காரர் பிடித்துக்கொள்வார். ஆகையால் டார்ச் லைட்டுக்குப் போடுகிற தடி செல் ஆறு உள்ளே போட்டாக வேண்டும்.

“தெருமுனைக் கடையில புதுசா ஆறு செல் வாங்கிண்டு வந்துடுங்கோளேன்” என்றாள்.

எனக்கு அது பொறுக்குமா? ஒரு சோப்பு டப்பா வாங்குவதானாலும் ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, இதைவிட உசத்தி கிடையாது என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். “தீர்ந்ததும் தூக்கிப் போடறதுக்கா? திருப்பித் திருப்பி சார்ஜ் பண்ணிக்கற செல் வந்திருக்கு, தெரியுமோ? ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் போறும்” என்றேன். நந்தனத்தில் என் ஆபீசில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் இதைப் பற்றி ஏற்கனவே பிரசங்கம் பண்ணியாகியிருந்தது.

பாண்டி பஜாரில் பார்த்தேன், திருப்தியில்லை. ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆள் நுழைய முடியாத ஒரு கடையில் கண்ணாடிப் பலகைமேல் இரண்டு தினுசை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று மங்கின பச்சை உறை, கையில் எடுத்தால் கல்லாகக் கனத்தது, அதற்கான சார்ஜரும் பார்க்க லட்சணமாக இல்லை. இன்னொன்று தங்க நிறம், லேசாக இருந்தது, சார்ஜரில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“எது ரொம்ப நேரம் நிக்கும்?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு சார் போடப் போற?”

“பாட்டுக் கச்சேரிக்கு.”

“ரெண்டும் நல்லாத்தான் சார் கீது. உனுக்கு எது புட்ச்சிருக்குதோ அத்த எட்த்துக்கினு போ.”

கனமாக இருப்பது பழைய சரக்கு, லேசாக இருப்பதுதான் புது மாடல் என்று நானே முடிவு கட்டினேன். அவர் என்னை ஏமாற்றவில்லை, பாவம். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தச் செல்களை ரேடியோவில் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். செய்தி, நாடகம், கிரிக்கெட் வர்ணனை என்று அது பாட்டுக்குக் கத்தித் தீர்த்தது. “பார்த்தியா?” என்று நான் மார்தட்டியபோது, “பேஷ்” என்று சிரித்தாள். ரேடியோ குடிக்கிற கரண்ட் வேறு, சுருதிப் பெட்டி குடிக்கிற கரண்ட் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்க்கவில்லை. வீட்டில்தான் பிளக் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

கச்சேரிக்கு முந்தின ராத்திரி செல்களைச் சார்ஜில் வைத்தேன். இடையில் கரண்ட் போய்விட்டது.

“ராத்திரி பூரா ஃபேன் ஓடலையே, செல் ரொம்பியிருக்குமோ?” என்று காலையில் கேட்டாள்.

“அதான் சிவப்பு விளக்கு எரியறதே” என்றேன். கரண்ட் இருந்தால் அந்த விளக்கு எரியும், அவ்வளவுதான். செல் நிரம்பியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. இது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டோவில் போகும்போது திரும்பவும் மெல்ல ஆரம்பித்தாள். “ஏன்னா, வழியில நிறுத்தி சாதா செல் ஆறு வாங்கிண்டுடலாமா? எதுக்கும் இருக்கட்டுமே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒரு வாரமா ராப்பகலா ஓட்டிப் பார்த்திருக்கேன். என்மேல அவ்வளவுதானா உனக்கு நம்பிக்கை?” என்று வள்ளென்று விழுந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவள் பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தாள். மேடையேறப் போகிறவளிடம் பேசுகிற பேச்சா அது?

கச்சேரி அமர்க்களமாக ஆரம்பித்தது. வர்ணம் முடியும்போதே தூங்கினவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காரியதரிசி தன் அறையிலிருந்து எழுந்து வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். கேட்க வந்திருந்த என் ஆபீஸ் நண்பர்கள் என் தொடையைத் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணி ராக ஆலாபனை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நடுவில் சுருதிப் பெட்டி இறங்க ஆரம்பித்தது. ஒரேயடியாக நின்று தொலைத்திருந்தால்கூடத் தேவலை. எங்கள் பெட்டியில் செல் தீரத் தீரச் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பெட்டி அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அது இறங்க இறங்க அவளும் கூடவே இறங்கினாள். வயலின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கேட்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பாடுகிறவள் சுருதியை விட்டுவிட்டாள் என்றுதான் தோன்றும். முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். காரியதரிசி எழுந்து போய்விட்டார், பின்னாலேயே இன்னும் சிலரும் போனார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிப் போய்ப் பெட்டியை அணைத்திருக்கலாம். போகவில்லை. கடைசியில் வயலின் வாசித்த பெண்தான் கையை நீட்டி அணைத்தாள். மனைவி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வயலின் தந்தியிலிருந்து சுருதி பிடித்துக்கொண்டு மீதியைப் பாடி முடித்தாள். ஆனால் எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை.

மேடையைவிட்டு அவள் கீழே இறங்கியதும் காரியதரிசி எதிரே வந்தார். என் நண்பர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். “என்னம்மா, கல்யாணியில சுருதி அப்படியே நழுவிடுத்தே?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “தொண்டை கட்டிண்டுடுத்து மாமா. காலம்பறலேர்ந்தே சரியில்லே.”

வயலின்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் மனசுக்குள் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. இவ்வளவு பிரசங்கம் பண்ணின செல்லைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச்சு வரவில்லையே என்று நிம்மதி. அட சீ, இவனும் ஒரு மனுஷனா!

வீட்டில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “உங்க ஆபீஸ்காரா எல்லாரும் நின்னுண்டிருந்தா. கடை கடையா அலைஞ்சு ஆசையா வாங்கினேள். அவா முன்னாடி எப்படிச் சொல்றது?” என்றாள். திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

அடுத்த வருஷம் சாயங்காலக் கச்சேரி வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. போன் அடித்தால் அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லாமல் ராஜா அண்ணாமலைபுரத்தில் காரியதரிசி வீட்டுக்குப் போனேன். செல், சார்ஜர், கரண்ட் போனது, ஆட்டோவில் நான் கத்தியது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஆம்படையாளுக்காகப் பேச வரவா மைக்கைச் சொல்லுவா, பக்கவாத்தியத்தைச் சொல்லுவா. செல்லைச் சொல்றது நீங்கதான் முதல்.”

“நிஜமா சார். எனக்காகத்தான் அவள் தொண்டைன்னு சொன்னா.”

“சரி, இப்ப அவாளுக்காக நீங்க செல்லுன்னு சொல்றேள். நல்ல தம்பதி” என்று தோளைத் தட்டினார். “காபி சாப்பிடறேளா?”

வீட்டுக்குத் திரும்பினபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தேன் என்று கேட்டாள். மறைக்கத் தெம்பில்லை, சொல்லிவிட்டேன்.

“நம்பினாரா?”

“இல்லே.”

கத்தியைக் கீழே வைத்தாள். கோபமெல்லாம் இல்லை, ஏதோ காய்கறிக் கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

“அன்னிக்குத் தொண்டைன்னு நான் சொல்லி முடிச்சதும், நீங்க குறுக்கே பேசி இல்லேம்பேள்னு ஒரு நிமிஷம் பார்த்துண்டு நின்னேன்.”