யாராவது முழுகாம இருக்கீங்களா? பாலாற்றில் ரப்பர் படகு, யாரெல்லாம் ஏறலாம்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படகில் போக நினைப்பவர்கள் படித்துக்கொள்ளுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். என் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் படித்தால் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அணுபுரத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் எங்கள் வீடு. நான் படுக்கும் சாமான் அறையில் அரிசி மூட்டையில் சாய்ந்து, போர்வைக்குள் போனை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமினால் நிறுத்திவிடுவேன்.

எழுதுவதற்கு இரண்டு காரணம். போவதற்கு முன்னால் நான்கு நாள் தேடிப் பார்த்தேன். யார் படகில் போகலாம், யார் போகக்கூடாது என்று கிடைத்ததெல்லாம் வடக்கே இருக்கும் மலை ஆறுகளைப் பற்றி, அதுவும் ஆங்கிலத்தில். நம் பக்கத்து ஆற்றுக்கு ஒருவரும் எழுதவில்லை. இரண்டாவது காரணம் என் அண்ணி. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அண்ணியின் ஊர் செய்யூர் பக்கம். கல்யாணமாகி வந்த மூன்று வருடமாகப் பாலாற்றுப் பாலத்தைப் பஸ்ஸில்தான் தாண்டியிருக்கிறாள். பாலம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். பெரும்பாலும் மணல்தான் இருக்கும். இந்த முறை மழை நன்றாகப் பெய்து, கரைக்குக் கரை இல்லாவிட்டாலும் பாதி ஆறு ஓடியது. "தண்ணி ஓடுறப்ப ஒரு தபா உள்ள எறங்கிப் பாக்கணும்டி" என்றாள். அதே வாரம், சதுரங்கப்பட்டினத்து மீனவர்கள் சிலர் சேர்ந்து ரப்பர் படகு விடுகிறார்கள் என்று பள்ளியில் கேள்விப்பட்டேன். தண்ணீர் ஓடும் இரண்டு மாதம் மட்டும்தானாம்.

வீட்டில் கேட்க முடியாது. மணல் அள்ளிய குழியில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் மூழ்கிப் போனதிலிருந்து அப்பாவுக்கு ஆறு என்ற சொல்லே ஆகாது. அரையாண்டு விடுமுறை, சனிக்கிழமை, செங்கல்பட்டில் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

காலை 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். 7.45க்குத் திருக்கழுக்குன்றம். பஸ் நிலையத்துக்கு எதிரே நாஸ்தா, இரண்டு பேருக்கு 90 ரூபாய். வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், இரண்டு இட்லி போதும். அண்ணி ஒன்றுகூட முழுதாகச் சாப்பிடவில்லை. ஆசையில் பசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 40 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். கடைசி அரை கிலோமீட்டர் சவுக்குத் தோப்புக்குள் நடக்க வேண்டும். 9 மணிக்கு வரச் சொன்னார்கள், 8.50க்குப் போய்விட்டோம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 600, பதினெட்டு வயதுக்குக் கீழே 400. சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அண்ணி போட்டாள். உறவு என்ற இடத்தில் "அண்ணி" என்று தமிழில் எழுதினாள். கையெழுத்துப் போடும் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பதினோரு கேள்வி. இதய நோய், வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன், முதுகுவலி என்று வரிசையாக. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் இரண்டு பேருக்கும் நானே டிக் போட்டேன். எட்டாவது கேள்வி, கர்ப்பமா என்பது. அண்ணியிடம் கேட்காமலே "இல்லை" போட்டேன். போன வருடம் அண்ணிக்கு நாள் தள்ளிப்போனதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு குழாயடியில் ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் அண்ணி முன்னால் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. அது நான் செய்த முதல் தப்பு.

எங்களோடு மூன்று பேர் வந்தார்கள். அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஓய்வு பெற்ற மாமா, அவர் மனைவி, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். வழிகாட்டியின் பெயர் மோசஸ். அவருடைய அக்கா ஸ்டெல்லா எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். ஆறு பேரையும் சட்டையோடு நிற்கவைத்து ஸ்டெல்லா அக்கா ஒரு போட்டோ எடுத்தார். சிறுசேரி அண்ணன் தன் போனிலும் ஒன்று எடுக்கச் சொன்னார்.

பிறகு ஸ்டெல்லா அக்கா பெண்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்: "யாருனா முழுகாம கீறீங்களா?"

எனக்கு நீச்சல் அரைகுறை. தண்ணீரில் முழுகாமல் இருப்பீர்களா என்று கேட்கிறார் என நினைத்தேன். பயந்தாங்கொள்ளி என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று சத்தமாகவே சொன்னேன்.

"நாங்க ரெண்டு பேருமே முழுகாமத்தான்க்கா இருப்போம். அதான் ஜாக்கெட் போட்டுக்கினோமே."

ஸ்டெல்லா அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அணுபுரம் மாமி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மோசஸ் அண்ணன் படகைப் பிடித்துக்கொண்டே, "இன்னா தங்கச்சி, ப்ளஸ் ஒன்னு படிக்கிறேன்னு எழுதிக்கீற, இது வேறயா?" என்றார். சிறுசேரி அண்ணன் சிரித்ததில் அவர் கண்ணாடி மணலில் விழுந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் "மாசமா இருக்கா" என்றுதான் சொல்வார்கள். முழுகாமல் இருப்பது என்றாலும் அதுதான் அர்த்தம் என்று அன்றைக்கு, எல்லோர் முன்னாலும், மாமிதான் காதில் சொன்னார். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அண்ணியும் சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் ஸ்டெல்லா அக்காவிடம், மெதுவாக. "தெரியல. பத்து நாள் தள்ளிக்கினு கீது."

ஸ்டெல்லா அக்கா அண்ணியின் மிதவைச் சட்டையின் மூன்று கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "தெரியலன்னா ஏறக்கூடாது கண்ணு. ஆறு எங்கியும் ஓடிடாது."

நானும் போகவில்லை என்றேன். அண்ணி விடவில்லை. "நீ போ. போயிட்டு வந்து ஒண்ணு வுடாம சொல்லு. நான் உன் கண்ணால பாத்துக்கிறேன்." ஸ்டெல்லா அக்கா அவளைத் தன் ஸ்கூட்டியில் மெதுவாக, பள்ளம் பார்த்து, படகு கரையேறும் இடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

9.40க்குப் படகு கிளம்பியது. தூரம் ஏழு கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். முதல் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் அசையாத மாதிரிதான் இருக்கும். கோரைப் புல், நீர்க்காகம், அடியில் மணல் வரிவரியாகத் தெரியும். மோசஸ் அண்ணன் நான்கு கட்டளைதான் சொல்லித்தருவார்: முன்னால போடு, பின்னால போடு, நிறுத்து, உள்ள குந்து. கடைசியைச் சொன்னால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு படகின் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

நீச்சல் தெரிந்தவர்தான் நன்றாகப் போவார் என்று நினைத்திருந்தேன். சிறுசேரி அண்ணன் நீச்சலில் பதக்கம் வாங்கியவராம். சொன்ன பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். "அண்ணாத்த, தண்ணிய ஏன் இந்த அடி அடிக்கிற, அது உன்னிய இன்னா பண்ணுச்சு?" என்று மோசஸ் அண்ணன் கேட்டார். அணுபுரம் மாமிக்கு அறுபத்தொரு வயது, திருநெல்வேலிக்காரர், நீச்சல் சுத்தமாகத் தெரியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்திருந்தார். "முட்டுதான் சரியில்ல, கை நல்லாத்தான இருக்கு" என்று சொல்லி, ஒரு கட்டளை தவறாமல் துடுப்பு போட்டார். மாமாவுக்குக் காது மந்தம். மாமி அவர் தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார்: ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் முன்னால் போடு. அவர்கள் இரண்டு பேரும்தான் படகிலேயே அதிகம் அனுபவித்தவர்கள்.

என்னை "முழுகாத தங்கச்சி" என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார் மோசஸ் அண்ணன். "முழுகாத தங்கச்சி, துடுப்ப இன்னும் கீழ எறக்கு."

ஐந்தாவது கிலோமீட்டரில் உடைந்த தரைப்பாலம் ஒன்று வரும். அங்கே ஆறு ஒடுங்கி, மூன்று இடத்தில் முழங்கால் உயரம் குதிக்கிறது. பெரிய அருவி எல்லாம் இல்லை. "உள்ள குந்து" என்று சத்தம் வந்தது. சிறுசேரி அண்ணன் வீடியோ எடுக்க எழுந்தார். படகின் அடி மணல்திட்டில் இடித்தது. அவர் தண்ணீரில் இருந்தார். இடுப்பளவு ஆழம்தான், மோசஸ் அண்ணன் சட்டைத் தோள்பட்டையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஆனால் அந்த இடி, நான் தரையில் உட்கார்ந்திருந்தும், இடுப்பிலிருந்து கழுத்துவரை ஏறியது. பல் ஒன்றோடொன்று மோதியது. ஸ்டெல்லா அக்கா ஏன் கேட்டார் என்று அப்போதுதான் உடம்புக்கே புரிந்தது. நான் போட்ட டிக்கை நம்பியிருந்தால் அண்ணி என் பக்கத்தில் இருந்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. ஏற்கெனவே முகம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் உப்புக் காற்று வந்துவிடும். முகத்துவாரத்துக்கு முன்னாலேயே, 11.55க்குக் கரையேறினோம். அண்ணி மணலில் குந்தி, காலை ஆற்றில் நனைத்துக்கொண்டிருந்தாள். கையில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். என்னைப் பார்த்ததும், "எப்டிக் கீது ஆறு?" என்றாள். நான் கோரைப் புல்லிலிருந்து ஆரம்பித்தேன். இடித்ததை மட்டும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா அக்கா அவளுடைய 600 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார். "அடுத்த தபா மூணு பேரா வாங்க. பத்து வயசு ஆனாத்தான் புள்ளய ஏத்துவேன், இப்பவே சொல்லிட்டேன்." அப்போதுதான் அண்ணி சிரித்தாள்.

கிளம்பும்போதுதான் போட்டோ ஞாபகம் வந்தது. ஸ்டெல்லா அக்கா கேட்டவுடன் அழித்துவிட்டார். சிறுசேரி அண்ணன் தன் போனில் எடுத்ததைக் காலையிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஸ்டோரியாகப் போட்டிருந்தார். உடனே நீக்கிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் மூன்று மணி நேரம் அது இருந்தது. அதில் அண்ணி மிதவைச் சட்டையோடு படகுக்கு முன்னால் நிற்கிறாள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பார்த்திருந்தால் போதும். நாளைக்கு ஏதாவது சரியில்லாமல் போனால், படகில் ஏறிக் குதித்தவள் என்று அவளை ஆயுசுக்கும் சொல்வார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன். அண்ணி ஏறவில்லை. படகு தண்ணீரைத் தொடும் முன்பே சட்டையைக் கழற்றிவிட்டாள். அவளைக் கூட்டிப்போனது நான், தாளில் தப்பாக எழுதியதும் நான். அப்பா கேட்டால் இதையே சொல்வேன்.

திரும்பும் வழியில் மருந்துக் கடையில் பரிசோதனை அட்டை வாங்கினோம். விடியற்காலையில் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டுமாம், இரண்டு கோடு வந்தால் குழந்தை உறுதியாம். என் அண்ணன் நைட் ஷிப்டில் இருக்கிறான். மாமியின் தட்டல் கணக்கைச் சொன்னபோது அண்ணிக்கு அது பிடித்துப்போனது. "ரெண்டு கோடு வந்தா உன் கதவுல ரெண்டு தட்டு. ஒண்ணுன்னா ஒண்ணே ஒண்ணு, அதோட வுட்டுடு, என்னாண்ட எதுவும் கேக்காத" என்றாள். அப்பா தட்டினால் எனக்குத் தெரியும். அவர் உள்ளங்கையால் படபடவென்று அடிப்பார். சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வந்தது. மாடியில் போய்ப் பேசிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே படுத்துவிட்டார். இப்போது விடியற்காலை மணி 4.20. குளியலறை விளக்கு எரிகிறது.

சரி, யார் ஏறலாம். நீச்சல் தெரியாதவர்கள் தாராளமாக ஏறலாம், சொல் பேச்சு கேட்டால் போதும். அறுபது தாண்டியவர்கள், மூட்டுவலிக்காரர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு. காது கேளாதவர்கள் தட்டிச் சொல்ல ஓர் ஆளோடு. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். முதுகு, இதயம், வலிப்பு, புது ஆபரேஷன் உள்ளவர்கள் வேண்டாம். முழுகாமல் இருப்பவர்கள் வேண்டாம், இருக்கலாமோ என்று சந்தேகம் இருந்தாலே வேண்டாம். கரையில் இருந்தாலும் காலை நனைக்கலாம், கடலை தின்னலாம். தாளை அடுத்தவரை நிரப்பவிடாதீர்கள். கூட வருபவரிடம் அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டு, வெட்கப்படாமல், உங்கள் வீட்டில் என்ன சொல் சொல்வீர்களோ அந்தச் சொல்லிலேயே கேளுங்கள். மாற்றுத் துணி கட்டாயம் எடுத்துப் போங்கள், பஸ்ஸில் ஈரத்தோடு

ஒரு தட்டு.

இன்னொன்று.