பிரான்ஸ் ராஜாவைக் கப்பலேற்றிய கதை

எங்கள் காஜா பெராங் தெருவில் உலக சரித்திரம் தெரிந்த ஒரே ஆள் என் அம்மாதான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

நானா என்று நாங்கள் கூப்பிடும் மளிகைக்காரர் கடையில் பருப்பும் மிளகாயும் கட்டித் தருவது, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில். அம்மா சாமானை டின்னில் கொட்டிவிட்டு, பொட்டலத் தாளை நீவிப் படித்த பிறகுதான் அடுத்த வேலை பார்ப்பார். அப்படித்தான் எகிப்தும் சீனாவும் சூயஸ் கால்வாயும் எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தன. மலாய் மொழியில் மெர்டேக்கா என்று சொல்லும் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த தெருப்பிள்ளைகள் ஐந்து பேர், சரித்திர வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு சாயங்காலமானால் வந்துவிடுவார்கள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே தமிழில் சொல்வார். அவர்கள் இங்கிலீஷில் எழுதிக்கொள்வார்கள். ஒன்பது வயதுக்காரி நான், என்னமோ நானே சொல்லிக்கொடுப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் வந்த கேள்வி, பிரான்ஸில் புரட்சி வந்தபோது ராஜா குடும்பம் என்ன ஆனது என்பது. அம்மா அழகாகத்தான் ஆரம்பித்தார். ராஜாவும் ராணியும் வேஷம் மாற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு சாரட்டு வண்டியில் ஏறி, ஊரைவிட்டு ஓடினார்கள் என்றார். அதோடு நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல தாளு கிழிஞ்சிருந்துச்சு. வாத்தியாரக் கேட்டுக்குங்க. தெரியாதத எழுதாதீங்க.”

வெளியே போகும்போது அவர்களில் நெட்டையன் ஒருவன், “ஒங்கம்மாவுக்கே தெரியல லா” என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. வாசல்வரை ஓடிப்போய், அம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லி, வண்டியைக் கடற்கரைக்கு ஓட்டி, ராஜா குடும்பத்தைக் கப்பலேற்றி, இங்கிலாந்தில் சௌக்கியமாகக் குடிவைத்துவிட்டேன்.

மறுவாரம் சரித்திர வாத்தியாரே சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டம் வாங்கியவர், அவர் வந்தால் தெருவே எழுந்து நிற்கும். கையில் ஐந்து நோட்டுப் புத்தகங்கள். ஐந்திலும் அதே கப்பல். இல்லாததை எழுதியதற்குப் பிரம்படி என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் முகம் செத்துப்போய்ப் பின்னால் நின்றார்கள்.

“எல்லாரும் நீங்க சொன்னதாத்தான் சொல்றாங்கம்மா. நெசமா?”

நான் கதவுக்குப் பின்னால் பதுங்கினேன். அம்மா ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“எங்க வீட்டுல சொன்னதுதான் சார். தப்பா சொல்லிட்டோம். பிள்ளைங்கள அடிக்காதீங்க.”

நெட்டையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இத்தனை நாள் அம்மா சம்பாதித்த பேரெல்லாம் என்னால் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அம்மாவோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி, அவங்க கடைசியா என்னதான் ஆனாங்க சார்?” என்று கேட்டார்.

வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். வழியிலேயே பிடிபட்டார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள், பிறகு இருவர் தலையும் போயிற்று. அம்மா அவரை விடுவதாக இல்லை. வண்டி எந்த ஊரில் நின்றது, வேஷம் போட்டவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். வாத்தியாரும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“கூடப் போன பிள்ளைங்க என்ன ஆச்சுங்க?”

வாத்தியார், “பார்த்துட்டு வந்து சொல்றேம்மா” என்றார். யாரையும் அடிக்காமல் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டு சைக்கிளேறினார்.

அம்மா தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். செய்தது நான், கோபமும் எனக்குத்தான். படித்த மனுஷரிடம் போய் இப்படியா ஒன்றும் தெரியாதவர்போல் அடுக்கடுக்காகக் கேட்பது என்று இரண்டு நாள் அவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்று எங்கள் வீட்டிலிருந்து வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டு போனவர் வாத்தியார்தான் என்பது அந்த ஒன்பது வயது மண்டைக்கு எட்டவேயில்லை.