சலுகையில் சேராத வால்வு

சூரிய ஒளி வாட்டர் ஹீட்டர் வாங்கினால் வரிச் சலுகை உண்டு என்று கேட்டதும், ஈப்போ நகரத்துக் கடைக்கு ஓடினேன். எங்கள் கோப்பெங் வீட்டில் அதைப் பொருத்த வந்தவர், "அக்கா, வெயில் நாள்ல தண்ணி கொதிக்கும். பச்சத்தண்ணி கலக்குற வால்வு ஒன்னு போட்டுருங்க லா," என்றார்.

"அதுக்கும் சலுகை இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப வேணாம்."

என் கணவருக்குச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு மாலை அவர் என்னோடு பேசிக்கொண்டே வெந்நீர்க் குழாயில் வலது காலைக் கழுவினார். தோல் உரிவதை நான்தான் பார்த்தேன். அவர் கத்தவே இல்லை.

புண் ஆறவில்லை. மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது வால்வு போட்டாயிற்று. ஆனாலும் என் கையை நனைத்துப் பார்த்த பிறகுதான், மிச்சமிருக்கும் காலில் தண்ணீர் ஊற்றுகிறேன்.